12 டன் கிரேன் எத்தனை டன் தூக்கும்?

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் வாழ்பவர்களுக்குக் கிரேன் ஒரு புதுமைப் பொருள் அன்று. மேல்நல்லாத்தூர்ப் பக்கம் கனரக வாகனத் தொழிற்சாலை, தெற்கே ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்பேட்டை, வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலைகள் என்று சுற்றிலும் பாரம் தூக்கும் வேலை நாள்தோறும் நடக்கின்றது. மஞ்சள் வண்ணம் பூசிய 'ஹைட்ரா' வண்டி ஒன்று, கொக்கியில் இரும்புத் தூலத்தைத் தொங்கவிட்டபடி சாலையோரமாக ஊர்ந்து செல்வதையும், தூலத்தின் முனையை ஒருவர் கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டியின் பக்கவாட்டில் '12 டன்' என்றோ '14 டன்' என்றோ கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்குப் பொருள் என்ன?

"இதென்ன கேள்வி! 12 டன் வரை தூக்கும் என்பது பொருள்" என்று விடை சொல்லத் தோன்றும். என் மாணவர்களும் முதல் நாள் அப்படித்தான் சொல்கின்றனர். அந்த விடை முழுவதும் தவறன்று. ஆனால் முழுவதும் சரியும் அன்று. உலகெங்கும் கவிழ்ந்த கிரேன்கள் பலவற்றின் வரலாறு அந்த அரைகுறை விடைக்குள் அடங்கியிருக்கின்றது.

ஏற்றமும் கிரேனும்

மின்சாரப் பம்பு வருமுன் நம் கிணறுகளில் இருந்த ஏற்றத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீண்ட மரம், நடுவே தாங்குமிடம், ஒரு முனையில் சால், மறுபக்கம் மரத்தின்மீது முன்னும் பின்னும் நடந்து செல்லும் ஆள். ஐம்பது கிலோ எடையுள்ள மனிதர் தாங்குமிடத்தருகே நின்றால் சால் மேலே வருவதில்லை. தள்ளித் தள்ளி நடந்தால் தண்ணீர் நிறைந்த சால் தானே எழும்பி வரும். மனிதரின் எடை மாறவில்லை, மாறியது தூரம். எடையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பதை இயற்பியலார் திருப்புத்திறன் என்பர். ஏற்றக்காரருக்கு அந்தச் சொல் தெரியாது. அவருடைய பாதங்களுக்குத் தெரியும்.

கிரேன் என்பதும் ஓர் ஏற்றமே. முன் சக்கரங்கள் தரையைத் தொடும் கோடுதான் அதன் தாங்குமிடம். பின்பக்கம் வண்டியின் எடை; முன்பக்கம் நீட்டிய கையின் நுனியில் தொங்கும் பாரம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு கற்பனை வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 16 டன். புவியீர்ப்பு மையம் முன் சக்கரக் கோட்டிற்கு 1.5 மீட்டர் பின்னால் இருக்கின்றது. வண்டியைத் தரையோடு பிடித்துவைக்கும் திருப்புத்திறன் 16 × 1.5 = 24 டன்-மீட்டர். பாரம் சக்கரக் கோட்டிற்கு 1.5 மீட்டர் முன்னால் தொங்கினால் 16 டன்னில் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஆனால் கவிழும் எல்லை வரை போக எவரும் அனுமதிப்பதில்லை. வண்டியின் வகைக்கேற்பக் கவிழும் எடையில் 75 அல்லது 85 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் தர விதிகள் உண்டு. 75 என்று வைத்துக்கொண்டால் நமது வண்டி 12 டன் தூக்கலாம். பக்கவாட்டில் எழுதிய எண் இதுதான்.

இப்போது கையை நீட்டுவோம். தூரம் 3 மீட்டர் ஆனால் அனுமதி 6 டன். 6 மீட்டர் ஆனால் 3 டன். 9 மீட்டரில் வெறும் 2 டன். கையின் சொந்த எடையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் குறையும். எனவே '12 டன்' என்பது கை முழுதும் ஒடுங்கியிருக்கும் ஒரே ஒரு நிலைக்கு மட்டுமே பொருந்தும் எண். மற்ற நிலைகளுக்கெல்லாம் ஓட்டுநர் அறையில் ஓர் அட்டவணை மாட்டியிருக்க வேண்டும். எழுத்து மங்கி, கிரீஸ் படிந்து, படிக்க முடியாதபடி அது இருக்குமானால் அந்த வண்டியை ஓட்டுபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏற்றம் மிதிப்பவரைப் போன்றவரே.

(இடையில் ஒரு செய்தி. ஆங்கிலத்தில் 'கிரேன்' என்பது நாரையைப் போன்ற நெடுங்கழுத்துப் பறவை ஒன்றின் பெயர். பழைய கிரேக்க மொழியிலும் அப்பறவைக்கும் இப்பொறிக்கும் ஒரே பெயர்தான். நம் மொழியில் கொக்குக்கும் கொக்கிக்கும் உறவுண்டா என்பதை மொழியறிஞர்களிடம் விட்டுவிடுவோம்.)

தொங்கவிடாமல் தூக்கியவர்கள்

தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அதன் உச்சிக் கல்லை, சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து பல கிலோமீட்டர் நீளத்திற்கு மண்சாரம் அமைத்து ஏற்றினார்கள் என்பது செவிவழிச் செய்தி. அந்தக் கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் சொல்வதுண்டு. அது ஒரே கல் அன்று, பல துண்டுகளின் சேர்க்கை என்று கருதும் ஆய்வாளர்களும் உளர். எப்படியிருப்பினும் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்று அதில் இருக்கின்றது. சாய்தளத்தில் உருட்டியும் இழுத்தும் ஏற்றப்படும் கல் எந்த நொடியிலும் அந்தரத்தில் தொங்குவதில்லை.

கற்சிற்பிகளும் தேர் ஓட்டுவோரும் இன்றுவரை கைக்கொள்ளும் முறையும் இதுவே. கடப்பாரையால் நெம்பி, நான்கு விரற்கடை எழுந்தவுடன் கீழே கட்டை செருகி அடைகொடுக்கின்றனர், மறுபடியும் நெம்புகின்றனர். கயிறு அறுந்தாலும் நெம்புகோல் நழுவினாலும் கல் நான்கு விரற்கடைக்கு மேல் விழாது. தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரின் வேலையும் இவ்வகையைச் சேர்ந்ததே. மெதுவான முறைதான், ஆயினும் உயர்ந்த முறை. பழையவர்கள் பொறியறிவு குறைந்தவர்கள் என்று எண்ணுவோர் இந்த ஒன்றையாவது சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பாரத்தை அந்தரத்தில் தொங்கவிடத் தொடங்கிய நாளில் வேகம் கிடைத்தது. கூடவே புதிய வகை விபத்துகளும் கிடைத்தன. கிரேக்கர்களும் உரோமானியர்களும் கப்பியும் சுற்றுருளையும் கொண்ட கிரேன்களைக் கையாண்டனர். அந்தக் காலத் தூக்குதல்களில் மிகவும் விரிவாக எழுதிவைக்கப்பட்டது பிற்காலத்தது: 1586இல் உரோமாபுரியில், டொமெனிக்கோ ஃபோண்டானா என்னும் பொறியாளர் 300 டன்னுக்கும் மேற்பட்ட எகிப்தியக் கல்தூணை இடம் மாற்றி நிறுத்திய நிகழ்ச்சி. ஏறத்தாழ 900 ஆட்கள்; நாற்பது சுற்றுருளைகள்; குதிரைகள் வேறு. நாற்பது கயிறுகளில் ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் பாரம் சமமாகப் பகிரப்படாமல் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துவிடும். ஆகவே வேலை நடக்கும் இடத்தில் எவரும் வாய் திறக்கக் கூடாது, மீறினால் கடுந்தண்டனை என்று ஆணை பிறந்தது. எக்காளம் ஊதினால் இழுக்க வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். இந்த இரண்டைத் தவிர வேறு ஒலி கிடையாது. நம் ஊர்களில் தோணியையும் மரத்தையும் இழுக்கும்போது எழும் 'ஏலேலோ' ஒலியும் இதே வேலையைச் செய்தது. அது களைப்பைப் போக்கும் பாட்டு மட்டுமன்று, ஐம்பது கைகளை ஒரே நொடியில் இயங்கவைக்கும் சைகை.

இரும்புச் சங்கிலிகள் வந்தபோது கயிறு அறுவதைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று நினைத்தனர். அது தீரவில்லை. சங்கிலியில் ஒரு வளையம் களைத்துவிட்டால் வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் திடீரென முறியும். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் இந்தத் தொல்லையை நேரில் கண்ட வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் 1834இல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறு திரித்தார். நான்கு கம்பிகள் கொண்ட புரி. அத்தகைய மூன்று புரிகள் சேர்ந்தது ஒரு வடம். ஆகப் பன்னிரண்டு கம்பிகள். அதில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும். அறுந்த முனை முள்போல் வெளியே நீட்டிக்கொண்டு எச்சரிக்கை செய்யும். இன்றைய கிரேன் வடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கலாம். ஆனால் தத்துவம் அதேதான். வடத்தைச் சோதிப்பவர் முதலில் எண்ணுவது அறுந்த கம்பிகளைத்தான்.

பாரத்தைக் கட்டும் கோணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டி நடுவே ஈரப் போர்வையைப் போட்டால் கயிறு அறுந்துவிடுகின்றது. தொய்வாகக் கட்டினால் தாங்குகின்றது. ஒரு டன் பாரத்தை இரண்டு வடங்களால் கட்டித் தூக்கும்போது, அவை நேர்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் அரை டன் இழுவிசை. கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் விரிந்திருந்தால் ஒவ்வொன்றிலும் முழு ஒரு டன். 15 பாகையானால் ஏறத்தாழ இரண்டு டன். பாரம் அதே ஒரு டன்தான்! "போன முறை தாங்கிய வடம்தானே" என்று சொல்பவர் கோணத்தை மறந்துவிடுகின்றார்.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சென்று சரக்கையும் மனிதரையும் கரை சேர்க்கும். இந்நிலையை மாற்ற, வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளரின் திட்டப்படி, கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டும் வேலை 1876இல் தொடங்கியது. பல டன் எடையுள்ள காங்கிரீட் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்லவேண்டும். இதற்கென வந்தவை 'டைட்டன்' என்னும் மாபெரும் கிரேன்கள். கட்டி முடித்த சுவரின் மீது தண்டவாளம், அதன்மேல் டைட்டன், அது தன் கையை முன்னே கடலுக்கு மேல் நீட்டிப் பாளத்தை இறக்கும், சுவர் நீள நீளத் தானும் முன்னேறும். தான் கட்டிய பாதையிலேயே தான் நடக்கும் பொறி!

1881இல் துறைமுகம் உருவம் பெற்றுவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் புயல் வந்தது. அரை மைலுக்கும் மேற்பட்ட அலைதடுப்புச் சுவர் சிதைந்தது. மேல் இரண்டு வரிசைப் பாளங்கள் துறைமுகத்தின் உள்ளே வீசப்பட்டன. வேலைக்கென்று போட்டிருந்த ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. இரண்டு டைட்டன் கிரேன்களைப் புயல் கவிழ்த்தெறிந்தது. அதன்பின் வேலையை ஏறக்குறைய மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. துறைமுகம் முடிவுற மேலும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

தமிழகத்தில் கிரேன் விபத்து என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். காரணம், கிரேனுக்கு எதிரி கொக்கியில் தொங்கும் பாரம் மட்டுமன்று என்பதை அது பெரிய அளவில் காட்டியது. பாரமே இல்லாமல் நிற்கும் கிரேனும் கவிழும். அதன் உயரமும் பரப்புமே போதும்.

இந்தப் பாடம் எவ்வளவு மெதுவாகக் கற்கப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். 134 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 11 அன்று, மக்காவின் பெரிய பள்ளிவாசல் விரிவாக்கப் பணியில் வேலையின்றி நிமிர்ந்து நின்ற கிரேன் ஒன்று புயற்காற்றில் பள்ளிவாசலின் மீது சாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயன்படுத்தாத நேரத்தில் அதன் நெடுங்கையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும் என்று விசாரணையில் கண்டனர்.

உயர்ந்த கட்டடங்களின் மேல் நிற்கும் கோபுரக் கிரேன்களை இரவில் கவனித்துப் பாருங்கள். காற்று வீசும் திசைக்கேற்ப அவற்றின் நீண்ட கை தானே மெல்லத் திரும்பும். பிரேக் போட மறந்துவிட்டார்களோ என்று ஐயுற வேண்டாம். வேலை முடிந்தபின் அந்த பிரேக்கை வேண்டுமென்றே தளர்த்திவிடுகின்றனர். இறுக்கிப் பிடித்தால் காற்று பக்கவாட்டில் முழுப் பரப்பையும் தள்ளும். விட்டுவிட்டால் காற்றாடியைப் போலத் திரும்பிக் காற்றுக்கு மிகக் குறைந்த பரப்பைக் காட்டும். துறைமுகத்தின் தண்டவாளக் கிரேன்களுக்கு அவ்வாறு திரும்பும் வசதி இல்லை. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் அவற்றைத் தரையிலுள்ள நங்கூரக் கொண்டிகளோடு பிணைக்கின்றனர்.

காற்றின் கணக்கு

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சதுர மீட்டருக்கு 60 நியூட்டன். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகி 240 நியூட்டன். ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட கூரைத் தகட்டுச் சட்டத்தைக் கிரேன் தூக்குவதாக வையுங்கள். முதல் வேகத்தில் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டாவது வேகத்தில் ஏறத்தாழ 590 கிலோ. பாரத்தின் வடிவத்தைப் பொறுத்து இது இன்னும் கூடும். சட்டத்தின் எடை மாறவில்லை; அட்டவணையும் மாறவில்லை; ஆனால் அந்தச் சட்டம் இப்போது பாய்மரப் பாய்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1999 ஜூலை 14 அன்று நிகழ்ந்தது இதுவே. விளையாட்டரங்கின் கூரைத் துண்டு ஒன்று. எடை 400 டன்னுக்கும் மேல். அதைத் தூக்கிய மாபெரும் கிரேன் முறிந்து விழுந்தது. அருகில் மற்றொரு கிரேனின் கூடையில் உயரே நின்ற மூன்று இரும்பு வேலைக்காரர்கள் உயிரிழந்தனர். பாரத்தின் எடையைக் கணக்கிட்டிருந்தனர். அந்தப் பரந்த கூரையின் மீது காற்று தள்ளும் விசையை உரியபடி கணக்கிடவில்லை.

ஓடும் கிரேனுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நமது கற்பனை வண்டி 3 மீட்டர் தூரத்தில் அனுமதிக்கப்பட்ட 6 டன்னைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில் செல்கின்றது. குறுக்கே ஒரு சைக்கிள். ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகின்றார். வண்டி நின்றது, பாரம் நிற்கவில்லை. நான்கு மீட்டர் வடத்தில் தொங்கும் பாரம் ஊசற்குண்டு போல முன்னே சுமார் 90 சென்டிமீட்டர் வீசும். தூரம் 3 மீட்டரிலிருந்து 3.9 ஆகிவிட்டது. அந்தத் தூரத்தில் வண்டி கவிழும் எடை 24 ÷ 3.9, அதாவது 6 டன்னுக்குச் சற்றே மேல். பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய கால் பங்கு முழுவதையும் ஒரு பிரேக் விழுங்கிவிட்டது! வடம் சாய்வாக இழுப்பதைச் சேர்த்தால் நிலைமை இதனினும் மோசம். பாரத்தைத் தரைக்கு மிக அருகில் வைத்து, கையை ஒடுக்கி, ஊர்ந்து செல்லவேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். தூலத்தின் முனையைக் கையால் பிடித்து நடப்பவருக்குப் பதில், நீண்ட கயிற்றைக் கட்டித் தொலைவிலிருந்து பிடிக்கவேண்டும் என்பதும் இதனால்தான். அந்தக் கயிற்றின் விலை என்ன? சில நூறு ரூபாய். அதற்குக்கூட மனம் வராத வேலைத்தளங்கள் இருக்கின்றன என்பது வருத்தத்திற்குரியது.

காலடி மண்

திருவள்ளூர் மாவட்டம் ஏரிகளின் நாடு. ஏரிப் பாசன நிலங்களும் தாழ்ந்த வயல்களும் மண் கொட்டி நிரப்பப்பட்டு மனைகளாகவும் ஆலை வளாகங்களாகவும் மாறியிருக்கின்றன. மேலே பார்த்தால் கட்டாந்தரை. அடியில் ஈரக் களிமண். ஊன்றுகால்களை விரித்து நிற்கும் பெரிய கிரேனில், பாரம் ஒரு மூலைக்குத் திரும்பும்போது அந்த மூலைக் காலில் 20 டன் இறங்குவதாகக் கொள்வோம். காலடித் தட்டு 40 சென்டிமீட்டர் சதுரமானால் பரப்பு 0.16 சதுர மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 125 டன். மென்களிமண் பத்து டன் தாங்கினாலே பெரிது. அதே காலின் கீழ் ஒன்றரை மீட்டர் சதுரமுள்ள கெட்டியான மரப்பாய் விரித்தால் அழுத்தம் சுமார் 9 டன்னாகக் குறைகின்றது. கோலி உருண்டையையும் யானையின் பாதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையின் சாய்வு இன்னும் நயவஞ்சகமானது. கையின் நுனி பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும்போது வண்டி பக்கவாட்டில் 5 பாகை சாய்ந்தால், நுனி 87 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சக்கரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றது! ஐந்து பாகை என்பது கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினால் போதும்.

2023 ஜனவரி 22 இரவு, அரக்கோணத்திற்கு அண்மையில், நெமிலியை அடுத்த கீழ்வீதி கிராமத்தில் மண்டியம்மன் கோயில் திருவிழா. மாலைகளை வாங்கிச் சாமிக்குச் சூட்டுவதற்காக ஆட்களை ஏற்றியிருந்த கிரேன் கூட்டத்தின் மீது கவிழ்ந்தது, நால்வர் இறந்தனர். இது கட்டுமானத் தளமன்று. ஆனால் கட்டுமானத் தளத்தில் உள்ள கிரேன்தான் வாடகைக்குத் திருவிழாவுக்கும், தலைவர்களுக்கு ஆளுயர மாலை போடும் கூட்டங்களுக்கும் வருகின்றது. விதிகள் மட்டும் அதனோடு வருவதில்லை. பாரத்தைத் தூக்கி நகர்த்துவதற்கான வண்டியில் மனிதரை ஏற்றக் கூடாது. அதற்கென்று கைப்பிடியும் கூடையும் தனி நிறுத்தமும் கொண்ட வேறு பொறிகள் உண்டு. 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் திரைப்படத் தளம் ஒன்றில் கிரேன் சாய்ந்து மூவர் உயிரிழந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சட்டமும் சைகையும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு கிரேன்களைப் பற்றியது. தகுதி பெற்றவர் ஆண்டுக்கொரு முறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும். பாதுகாப்பான பாரத்தின் அளவைத் தெளிவாகப் பொறிக்க வேண்டும். ஓடுதளக் கிரேனின் பாதையருகே ஆள் வேலை செய்தால் கிரேன் அவரை ஆறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்றெல்லாம் அது விதித்தது. கும்மிடிப்பூண்டி உருட்டாலைகளில் தலைக்குமேல் ஓடும் கிரேன்கள் இதன்கீழ் வந்தன. கட்டட வேலைக்கோ தனிச்சட்டம் 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்கீழ் 1998இல் வந்த மத்திய விதிகள், 20 டன் வரை தூக்கும் பொறியை அதன் அளவைவிடக் கால் பங்கு கூடுதலான பாரம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லின. இவற்றையெல்லாம் தன்னுள் அடக்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

சோதனை நாளே ஆபத்தான நாள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டு 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் புதிய கிரேன் ஒன்றைச் சோதித்தபோது அது இடிந்து விழுந்து 11 பேர் மாண்டனர். மீட்பு வேலையும் அப்படியே. தில்லி மெட்ரோ பாலம் ஜம்ருத்பூரில் 2009 ஜூலை 12 அன்று சரிந்து ஆறு பேர் இறந்தனர். மறுநாள் இடிபாட்டைத் தூக்க வந்த கிரேன்களும் சரிந்து மேலும் சிலர் காயமுற்றனர். பல கிரேன்கள் ஒரே பாரத்தைப் பிடிக்கும்போது, ஃபோண்டானாவின் நாற்பது கயிறுகளைப் போல, ஒன்று தவறினால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழுகின்றது.

ஃபோண்டானாவுக்கு எக்காளமும் மணியும் போதுமானவையாக இருந்தன. நம் தளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கொக்கியை மாட்டுபவர் ஒடியா பேசுவார், ஓட்டுநர் தமிழர், மேற்பார்வையாளர் இந்திக்காரர். 2025 செப்டம்பர் 30 அன்று இம்மாவட்டத்தின் எண்ணூர்ப் பகுதி அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்து இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தனர். அது கிரேன் விபத்து அன்று, எனினும் இறந்தவர்களில் பெரும்பாலோர் அசாமியர் என்பது இத்தளங்களில் யார் வேலை செய்கின்றனர் என்பதைச் சொல்லும். அங்கே கூவினால் பயனில்லை. அதனால்தான் கைச்சைகைகள் மொழி கடந்து வகுக்கப்பட்டுள்ளன. சுட்டுவிரலை மேல்நோக்கி நீட்டிச் சுழற்றினால் 'தூக்கு'. கீழ்நோக்கிச் சுழற்றினால் 'இறக்கு'. ஒரு கிரேனுக்கு ஒருவரே சைகை காட்டவேண்டும். ஓட்டுநர் வேறு எவருடைய சைகைக்கும் இயங்கக் கூடாது.

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உள்ளங்கைகள் தரையை நோக்க, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வீசி அசைத்தால் 'உடனே நிறுத்து' என்று பொருள். இதைச் சைகைக்காரர்தான் காட்டவேண்டும் என்பதில்லை. கம்பி கட்டுபவர் காட்டலாம்; தேநீர் கொண்டுவந்தவர் காட்டலாம்; வேலியோரமாகப் போகும் நீங்கள் காட்டினாலும் ஓட்டுநர் முதலில் பொறியை நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்கவேண்டும்.